இடமிருந்து வலமாக ஓடிய மாப்பிள்ளை

அத்தியாயம் 3

“மாப்பிள்ளை ஓடிட்டாரு அக்கா. சாட்சி, அவர்ர லெப்டொப்!”

டனிஸ்டன் இதைச் சொல்லிக்கொண்டேதான் படியேறி வந்தான். கல்முனைப் பிரதான வீதியில், ஒரு போன் கடைக்கு மேல்மாடியில் இருந்தது றாஹிலாவின் துப்பறியும் அலுவலகம். படிகள் ஏணி மாதிரிச் செங்குத்து. ஏறி முடிக்கும்போது யாருக்கும் மூச்சு வாங்கும். டனிஸ்டனுக்கும் வாங்கியது, ஆனால் அவன் வாய்க்கு அந்தப் பலவீனம் கிடையாது. உள்ளே, வாடிக்கையாளர் நாற்காலியில் மணப்பெண்ணே உட்கார்ந்திருப்பதை அவன் கண்டது சொல்லி முடித்த பிறகுதான்.

“இவர்தான் எங்கட டனிஸ்டன்,” என்றாள் றாஹிலா, கெட்ட துணியைக் கடைசியில் காட்டும் கடைக்காரியின் குரலில். “ரகசியம் காக்கிறதுக்கு எண்டே சம்பளம் குடுத்து வச்சிரிக்கன்.”

மணப்பெண் றிபா சிரிக்கவில்லை. மருதமுனைக் கைத்தறிச் சேலைக் கடையொன்றில் நின்று வியாபாரம் பார்க்கிற பெண் அவள். எந்த முகத்துக்கும் ஒரு புன்னகை எடுத்துக் கொடுத்துப் பழகியவள். இன்றைக்கு அவளிடம் இருப்பில் இல்லை.

விஷயம் இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை சாய்ந்தமருது றமீஸ். கட்டாரில் பல வருஷம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் ஊருக்கு வந்தவர். முந்தாநாள் விடிய வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. போனையும் நிறுத்தி வைத்துவிட்டார். றிபாவின் வாப்பா முகம்மது தம்பி கோபக்காரர். இன்றைக்குப் பின்னேரம் அசர் தொழுகைக்கு முன் மாப்பிள்ளை எங்கே என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பேச்சை முறித்து, சம்மாந்துறை அரிசி மில்காரர் மகனுக்கு ஓம் சொல்லிவிடுவேன் என்று நிற்கிறார்.

“தாத்தா, எனக்கு மில்லும் வேணாம், மில்லுக்காரனும் வேணாம்,” என்றாள் றிபா. இந்தக் கரையில் முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரிதான் தாத்தா. மீசை வைத்த தாத்தாக்களை மட்டும் கண்டு வளர்ந்த டனிஸ்டன் வேலைக்கு வந்த புதிதில் இதற்காக நிறையச் சிரித்திருக்கிறான். “அவர் ஓடியிருந்தா நானே முறிக்கிறன். ஓடல்லண்டா வாப்பாவ முறிக்க விடமாட்டன். எனக்கு அது மட்டும் தெரியணும்.”

“சொல்லு டனிஸ்டன். கண்டத மட்டும் சொல்லு. கற்பனைய வீட்ட கொண்டு போ.”

காலையில் சாய்ந்தமருதுக்கு அவனைத் தனியே அனுப்பியது றாஹிலாதான். அவள் போனால் தெருவே கூடி நிற்கும். கழுத்தில் வயர் ஒன்றைப் போட்டுக்கொண்டு டனிஸ்டன் போனால், யாருடையதோ கணினியைத் திருத்த வந்தவன் என்று விட்டுவிடுவார்கள். கீழ்க்கடையில் போன் உறை விற்றுக்கொண்டிருந்தவன் அவன். போனே இல்லாத ஒரு கிழவருக்கு உறை விற்றதைக் கண்ட அன்றைக்குத்தான் றாஹிலா அவனை மேல்மாடிக்கு எடுத்தாள்.

“லெப்டொப்பத் திறந்தன். இண்டர்நெட்டுல அவர் அடையாளம் வச்சிரிக்கிற பக்கங்கள், அதான் புக்மார்க், மேல வரிசையா நிண்டிச்சி.” அவன் விரல் மடித்தான். “முதலாவது, தம்பிலுவில் வைத்தியர் ஒருத்தர்ர பக்கம். வீக்கம், தோல் வருத்தம் எல்லாம் பாக்கிறாவாம். மாப்பிள்ளைக்கு முகப்பருவா இரிக்கும். அடுத்தது, தாடிய அழகாக்கிறது எப்படி எண்டு ஒரு வீடியோ. பிறகு கலியாணக் காட் அடிக்கிற அச்சகம். பிறகு அலுமாரி, கட்டில். இவ்வளவும் ஒழுங்கு. அதுக்குப் பிறகுதான் கதை மாறுது. கட்டார் விசா விஷயம் ஒண்டு. ஆகக் கடைசியா, டோஹா விமான டிக்கட்!”

“ம்.”

“ஒரு மனிசன்ர மனசு அப்படியே வரிசையா தெரியுதக்கா. முகத்தப் பாத்தான், தாடியப் பாத்தான், காட் அடிச்சான், அலுமாரிட விலையக் கண்டான், பறந்துட்டான்.”

றிபா தன் போனை எடுத்தாள். பில் போடுகிற நிதானத்தோடு வாப்பாவின் பெயரைத் தேடினாள். அதுதான் பார்க்கப் பாவமாக இருந்தது.

“வையுங்க மகள்,” என்றாள் றாஹிலா. “உங்கட கடைக்கு வாறவங்க முதல்ல சொன்ன விலைக்குச் சேலை வாங்கிறாங்களா?”

“இல்ல.”

“அப்ப இவன் சொன்ன விலைக்கு நீங்க ஏன் வாங்கப் போறீங்க? அசருக்கு நேரம் கிடக்கு. வாங்க, நானும் ஒருக்கா சரக்கப் புரட்டிப் பாக்கிறன்.”

“பாஸ்போட்டும் வீட்டுல இல்லயாம்,” என்றான் டனிஸ்டன் விடாமல்.

“கட்டாரில இருந்து வந்தவன் பாஸ்போட்ட இடுப்பிலதான் வச்சிரிப்பான். குளிக்கக்குள்ளயும் கழட்ட மாட்டான். அது ஒண்டும் சொல்லாது. ஓட்டோவ எடு.”

*

சாய்ந்தமருதில் றமீஸின் தங்கச்சி பஸ்லியா கேற்றைத் திறந்தாள். றிபாவைக் கண்டதும் “மதினி!” என்று கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தாள். நிக்காஹ்வுக்கு முன்பே மணமகள் மணமகன் வீட்டுக்கு வந்துவிட்ட அதிசயத்தை எதிர்வீட்டு யன்னல் ஒன்று ஆவென்று பார்த்தது. றாஹிலா அந்த யன்னலுக்கு ஸலாம் சொன்னாள். யன்னல் மூடிக்கொண்டது.

“போகக்குள்ள என்ன சொன்னார்?”

“ஒண்டும் விளங்கல்ல தாத்தா. ஹெல்மட்டப் போட்டுட்டுத்தான் அறைக்குள்ள இருந்து வந்தார். அதோடதான் தேத்தண்ணி கேட்டார்.”

“ஹெல்மட்டோடயா குடிச்சார்?” என்றான் டனிஸ்டன்.

“ஸ்ட்ரோ கேட்டார்.”

“அக்கா, இது பொலிசுக்குப் பயந்தவன்ர வேலை. இல்லாட்டி வீட்டுக் கூரைய நம்பாதவன்ர வேலை.”

றாஹிலா பதில் சொல்லாமல் றமீஸின் அறைக்குள் போனாள். கட்டில் விரிப்பு ஒழுங்காக இருந்தது. கலியாண உடுப்பு உறையோடு கொழுவியிருந்தது. மேசையில் லெப்டொப், அத்தர்ப் போத்தல், பக்கத்தில் பழைய தோல் அட்டை போட்ட ஒரு புத்தகம். புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு கடதாசி மட்டைத் துண்டு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

“அவர் கலியாணத்துக்கு எண்டு எங்கட மூத்தாப்பா காலத்துக் கிதாப எடுத்து வாசிச்சார்,” என்றாள் பஸ்லியா. “மாப்பிள்ளமார் எப்படி நடக்கணும், என்ன செய்யலாம், என்ன கூடாது எண்டு அதில இரிக்கு.”

டனிஸ்டன் புத்தகத்தைக் கையிலெடுத்தான். அட்டையைத் திறந்தான். அடையாளத் துண்டு நாலைந்து தாளுக்குள்ளேயே வந்துவிட்டது.

“பாத்தீங்களா! மாப்பிள்ளை எப்படி நடக்கணும் எண்டத ஒரு சிட்டிகைதான் வாசிச்சிரிக்கார். இவ்வளவும் நாம நடக்கிறதுக்கு ஏலாது எண்டு நினைச்சி ஓடிரிக்கார். இந்தப் புத்தகத்துக்கும் அந்த லெப்டொப்புக்கும் ஒரே கதை.”

றாஹிலா அவன் கையில் ஒரு தட்டுத் தட்டிப் புத்தகத்தை வாங்கினாள். மறுபக்கமாகத் திருப்பினாள். வலது பக்கத்து அட்டையைத் திறந்தாள்.

“இது அறபுத்தமிழ்க் கிதாபு. கதைக்கிறது தமிழ், எழுதுறது அறபு. முன்பக்கம் இஞ்சால. நீ திறந்தது வால்.”

“அப்ப...”

“அப்ப மனிசன் நாலு தாள் வாசிக்கல்ல. நாலு தாள்தான் வாசிக்காம விட்டிரிக்கார். ஓடப் போற மாப்பிள்ளை, மாப்பிள்ளமாருக்கு எழுதின கிதாபக் கடைசி மட்டும் வாசிப்பானா?”

றிபா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். றாஹிலா அடையாளம் வைத்திருந்த பக்கத்தை வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தாள். பிறகு அந்த மட்டைத் துண்டை எடுத்துப் பார்த்தாள். ஏதோ பெட்டியிலிருந்து கிழித்த மூடி. ஒரு பக்கம் வெறுமை. மறுபக்கம் ஒரு ஆணின் பாதி நாடி, அதற்கு மேல் பாதிச் சிரிப்பு. அவள் முகத்திலும் ஒரு பாதிச் சிரிப்பு வந்தது. துண்டைக் கைப்பைக்குள் போட்டாள்.

“என்ன எழுதியிரிக்கு?” என்றாள் றிபா.

“மாப்பிள்ளமாருக்குப் புத்தி. பிறகு சொல்றன்.” சட்டென்று அவள் திரும்பினாள். சாயம் போகுமா என்று துணியைப் பார்ப்பதுபோல டனிஸ்டனைப் பார்த்தாள். “நீ அந்த லெப்டொப்ப எந்தப் பக்கத்தால வாசிச்ச?”

“எல்லாரும் வாசிக்கிற பக்கத்தால.”

“எல்லாரும் எண்டா யாரு?”

டனிஸ்டன் வாய்க்குப் பதிலாக லெப்டொப்பைத் திறந்தான்.

அது கட்டாரில் வாங்கியது. விசைகளில் அறபு எழுத்து, திரையில் உத்தரவெல்லாம் அறபு. பக்கங்களின் பெயர் மட்டும் தமிழிலும் இங்கிலீசிலும் கிடந்தன. பக்கத்தை மேலும் கீழும் இழுக்கிற பட்டைகூட இடது ஓரத்தில் நின்றது.

“பட்டை அந்தப் பக்கம் கிடக்கக்குள்ளயாவது உனக்கு யோசினை வரல்லயா?”

“விழுந்து அடிபட்ட லெப்டொப் எண்டு நினைச்சன் அக்கா.”

“அறபு லெப்டொப்பில எல்லாம் வலப்பக்கத்தாலதான் தொடங்கும். புக்மார்க்கும் அப்படித்தான். முதல் வச்சது வலது கரையில நிக்கும். புதுசு புதுசா வைக்க வைக்க இடது பக்கம் போகும். இப்ப மறுகா வாசி.”

டனிஸ்டன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “முதலாவது, டோஹா டிக்கட்.”

“ஊருக்கு வாறதுக்கு எடுத்தது. அடுத்தது?”

“விசா.”

“அத முடிச்சிட்டு வந்தது. அடுத்தது?”

“அலுமாரி, கட்டில். அச்சகம். தாடி வீடியோ.”

“றிபா மகள், கேட்டீங்களா? இந்த மனிசன் ஓடல்ல. அங்க இருந்து உங்கள நோக்கித்தான் ஒவ்வொரு அடியா வந்திரிக்கார். எங்கட துப்பறியும் சிங்கம்தான் அவரப் பின்பக்கமா நடக்க விட்டுக் கட்டாருக்கு அனுப்பினது.”

பஸ்லியா “அல்ஹம்துலில்லாஹ்!” என்றாள். றிபாவும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவள் கண் திரையின் இடது மூலையில் போய் நின்றுவிட்டது. வியாபாரம் செய்கிற கண், ஓரம் வரை பார்க்காமல் விடாது.

“அப்ப தாத்தா... ஆகக் கடைசியா அவர் வச்சது அந்த வைத்தியர்ர பக்கமா?”

காலையில் முகப்பருவாக இருந்தது, வரிசை திரும்பியவுடன் வேறு என்னவோ ஆகிவிட்டது. நிக்காஹ்வுக்கு முதல் கிழமை, ஒருவருக்கும் சொல்லாமல், ஊரில் இருக்கிற ஆசுபத்திரியெல்லாம் விட்டுவிட்டு, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத தம்பிலுவிலுக்கு ஒரு மனிதன் என்ன வருத்தத்தைக் கொண்டுபோவான்?

“ஓட்டோவ எடு,” என்றாள் றாஹிலா.

*

காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஊர்கள் ஓட்டோவுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. டனிஸ்டன் ஓட்டினான். இடையில் றிபாவின் போன் இரண்டு தரம் அடித்தது. வாப்பா. அவள் எடுக்கவில்லை.

“நோய் எண்டாலும் பரவாயில்ல,” என்றாள் திடீரென்று. “சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் விடிய ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு வீடியோ கோல் எடுத்துத் தின்ன சோறு வரைக்கும் கதைச்ச மனிசன், இத ஒளிச்சிட்டாரே.”

“பெரிய வருத்தமா இரிக்காது தங்கச்சி,” என்றான் டனிஸ்டன். “பெரிய வருத்தக்காரன் ஸ்ட்ரோ கேக்க மாட்டான்.”

“நீ ரோட்டப் பாரு,” என்றாள் றாஹிலா. “வலப்பக்கம் எது, இடப்பக்கம் எது எண்டு தெரியும்தானே?”

தம்பிலுவிலில் வைத்தியர் அற்புதராணியின் வீட்டைக் கேட்க வேண்டியே இருக்கவில்லை; மதில் நீளத்துக்குப் பெயர் எழுதியிருந்தது. முற்றத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், அதன் கண்ணாடியில் ஹெல்மட் கொழுவியிருந்தது. வைத்தியர் அம்மா விறாந்தையில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார்.

“சாய்ந்தமருது மாப்பிள்ளையத் தேடித்தானே? உள்ளுக்கு இருக்கிறார். ஆசுபத்திரிக்கு அனுப்பி ஊசியும் போட்டுத்தான் எடுத்தன். இப்ப பயமில்ல.” அரைப்பதை நிறுத்தி மூவரையும் ஒரு பார்வை பார்த்தார். “ஒண்டு சொல்லிட்டன். சிரிப்புக் காட்டிப் போடாதேங்க. அவருக்கு இன்னும் சிரிக்க ஏலாது. இழுபடும்.”

றிபா முதலில் போனாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கதிரையில் றமீஸ் இருந்தார். அதாவது, றமீஸின் சேர்ட் இருந்தது; அதற்கு மேலே ஒரு பலாப்பழம் இருந்தது. கன்னம் இரண்டும் உப்பி, உதடு இரண்டும் வெளிப்பக்கம் மடிந்து, கண் எங்கோ உள்ளுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. இத்தனைக்கும் நடுவில் தாடி. வலது பாதி, தார் ஊற்றின புது ரோட்டு. இடது பாதி, நல்ல நரை.

டனிஸ்டன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

றாஹிலா கைப்பையைத் திறந்து மட்டைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள். பாதி நாடி, பாதிச் சிரிப்பு. “தாடிக்குப் பூசுற கறுப்புச் சாயப் பெட்டிட மூடி. இத அடையாளமா வச்ச பக்கத்தில என்ன எழுதியிரிக்கு தெரியுமா? மருதாணி போடலாம், கறுப்புப் போடக் கூடாது எண்டு. பெட்டியக் கிழிச்ச பிறகுதான் மாப்பிள்ளை கிதாபப் புரட்டியிரிக்கார். வாசிச்சிட்டும் பூசியிரிக்கார். ஆனா ஒழுக்கம் விடல்ல. நல்ல காரியத்துக்குப் போல வலப்பக்கத்தாலதான் தொடங்கியிரிக்கார்!”

“ஆ... ஆதி ஊசக்குள்ளயே...” என்றார் றமீஸ்.

“பாதி பூசக்குள்ளயே வீங்கிட்டாம்,” என்று அற்புதராணி மொழிபெயர்த்தார். “உதடு ரெண்டும் முட்டுதில்ல. ப வராது, ம வராது. மூண்டு நேரமும் கஞ்சி கேக்கிறத நான் பழகிட்டன்.”

றமீஸ் தலையைக் குனிந்தார். மெதுவாக, வைத்தியரின் உதவியோடு, கதை வெளியே வந்தது. கட்டாரில் இருந்து அனுப்பிய படங்களிலும் எடுத்த வீடியோ கோல்களிலும் போன்தான் தாடியைக் கறுப்பாக்கிக் காட்டியது. ஊருக்கு வந்த பிறகு றிபாவுக்கு நேரே ஒருநாளும் நிற்கவில்லை. நிக்காஹ் அன்றைக்கு நின்றுதானே ஆகவேண்டும்? பூசினார். வீங்கினார். இந்த முகத்தோடு வீடியோ கோல் எடுத்தால் பெண் பயந்து ஓடிவிடும் என்று போனை நிறுத்தினார்.

“நான் ஓடுவன் எண்டு நீங்க ஓடினீங்களா?” என்றாள் றிபா.

றமீஸ் ஆம் என்பதாகப் பலாப்பழத்தை ஆட்டினார்.

“உங்கட அறையில பல்பு எரியாத நாள்ல போன்ட கறுப்பு வேலை செய்யல்ல. தாடி நரைச்சது பேசத் தொடங்கின முதல் வருஷமே எனக்குத் தெரியும். நரைச்ச தாடிக்குத்தான் நான் ஓம் எண்டன். கறுப்பாக்கச் சொல்லி ஆரு கேட்டா?” அவள் குரல் உயர்ந்தது. “மூஞ்சி வீங்கினதுக்கு எனக்குக் கோவமில்ல. போன நிறுத்தினதுக்குத்தான் கோவம்! வாப்பா அசருக்கு என்ன மில்லுல போட்டு அரைக்கப் போறார், நீங்க இஞ்ச கஞ்சி குடிச்சிட்டு இரிக்கீங்க!”

போன் மூன்றாம் தரம் அடித்தது. இந்த முறை அவள் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“வாப்பா, மாப்பிள்ள ஓடல்ல.”

“அப்ப எங்க?”

“முன்னுக்குத்தான் இரிக்கார். வீங்கியிரிக்கார்.”

முகம்மது தம்பி ஆயுள் முழுக்க ஆயிரம் சாக்குக் கேட்டவர். இதைக் கேட்டதில்லை. “குடு அவர்ட்ட. கதைக்கச் சொல்லு.”

“ஆ... ஆ...” என்றார் றமீஸ்.

“என்ன சொல்றார்?”

“மாமா எண்டு சொல்றார்.”

“றிபா!” வாப்பாவின் குரலில் சேலைக் கத்தரிக்கோல் ஓடியது. “வெள்ளிக்கிழமை ஊர்ச் சனம் முன்னால ‘கபில்து’, அதான் ‘ஏத்துக்கிட்டன்’ எண்டு மாப்பிள்ள தன்ட வாயால சொன்னாத்தான் நிக்காஹ். தலையாட்டினா பள்ளி லெப்பை நிக்காஹ்வப் பதிஞ்சி எழுத மாட்டார். அந்தச் சொல்லு வராத மாப்பிள்ளைக்கு நான் ஏன் பந்தல் போடணும்? இப்ப சொல்லட்டும். நான் கேக்கணும். வராட்டி, சம்மாந்துறைக்கு ஆள் அனுப்புறன்.”

அறைக்குள் எல்லோரும் றமீஸின் உதட்டைப் பார்த்தார்கள். கபில்து. நடுவில் ஒரு ‘ப’. உலகத்தில் எவ்வளவு எழுத்து இருக்கிறது. மாப்பிள்ளைமார் சொல்வதற்கென்று உதடு முட்டுகிற ஒரு சொல்லைத்தானா வைத்திருக்கவேண்டும்?

“க... கவில்து,” என்றார் றமீஸ்.

“அது ஆரு கவில்து?” என்றது போன்.

“கஹில்து.”

“றிபா, நான் போன வைக்கிறன்.”

“பொறுங்க வாப்பா!” றிபா இரண்டு எட்டு முன்னே வந்தாள். கையை நீட்டினாள். நீட்டிய கை வழியிலேயே நின்றது. வெள்ளிக்கிழமைக்கு முன் தொட முடியாது. அவள் திரும்பி அற்புதராணியைப் பார்த்தாள். சேலைக் கடையில் துணி பிடிக்க ஆளைக் கூப்பிடுகிற அதே பார்வை.

வைத்தியருக்கு விளங்கிவிட்டது. அரைத்த மருந்து ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு கையால் மேலுதடு, மறுகையால் கீழுதடு. அரிசி மூட்டை வாயைக் கட்டுவதுபோல இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். “இப்ப சொல்லு தம்பி. நான் விடக்குள்ள வெடிக்கணும்.”

றமீஸ் கண்ணை மூடினார். மூச்சு எடுத்தார். வைத்தியர் விட்டார்.

“கபில்து!”

அது அந்தச் சின்ன அறையில் வெடிச் சத்தம் மாதிரிக் கேட்டது. விறாந்தையில் ஒரு பூனை ஓடியது. டனிஸ்டன், அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் உடைந்து, சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

வாப்பா இருந்த கதிரை போனில் கிறீச்சிட்டது. பிறகு, “இது... அவர்தானா சொன்னது?”

“அவர்தான் வாப்பா.”

“ம். சத்தம் நல்லாத்தான் இரிக்கு.” முகம்மது தம்பி இருமினார். விலை படிந்ததற்கு அது அடையாளம் என்று றிபாவுக்குத் தெரியும். “வெள்ளிக்கு அந்த டொக்டர் அம்மாவயும் கூட்டிட்டு வரச் சொல்லு. முன் வரிசையில இரிக்கட்டும்.”

போன் வைக்கப்பட்டது. றமீஸுக்கு இப்போது எதையோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. மன்னிப்பாக இருக்கலாம், நன்றியாக இருக்கலாம், எதைச் சொன்னாலும் முதலில் அவள் பெயர் வேண்டும், அதிலும் ஒரு ‘ப’ வந்து குறுக்கே நின்றது. “ற்... றி... றி...” என்று அவர் முயன்றார்.

“காணும், விடுங்க, நோகும்,” என்றாள் றிபா. காலையிலிருந்து இருப்பில் இல்லாத புன்னகையை ஒருவழியாக எடுத்து வெளியே வைத்தாள். “வெள்ளிக்கிழமைக்கு அந்த ஒரு சொல்ல மட்டும் பழகி வையுங்க. மத்ததெல்லாம் நான் கதைக்கிறன்.”